முதலில் பேசாதவள்

அன்டோயா தீவு,
அக்டோபர் 14

தூருன் அக்காவுக்கு,

போனில் பேசினால் நாம் சண்டை போடுகிறோம், கடிதம் எழுதலாம் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். ஆனால் நீ சொன்னது பாதிதான் சரி. நான் சண்டை போடுகிறேன். நீ "ம்ம்" என்கிறாய். அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரம் நான் அழுதுகொண்டே உனக்குப் போன் செய்தேன். "இது உனக்கு ரொம்பப் பாரமா இருக்குன்னு எனக்குக் கேக்குது" என்றாய். எனக்கு அன்றைக்கு அக்கா வேண்டியிருந்தது. எனக்குக் கிடைத்ததோ பல்கலைக்கழகத்து மூத்த உளவியலாளர். அதனால்தான் பட்டென்று போனை வைத்தேன். அதற்கு மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. புருஷன் என்று பேர், ஓட்வார் மீன்பிடிப் படகோடு போனால் பத்து நாள் கழித்து வருகிறார், வந்தால் தூங்குகிறார். நானும் ரேடியோவும்தான். அம்மா வீட்டு விறகு அடுப்பை என்ன செய்வது என்று சொல். வீட்டை வாங்கப்போகிறவர்கள் அது வேண்டாம் என்கிறார்கள்.

எழுத வந்தது ஹெட்விக்கைப் பற்றி. செப்டம்பரில் அவளுக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்னி அனுப்பினேன். முடித்த கையோடு பொட்டலம் கட்டி அன்றைய தபால் படகிலேயே ஏற்றிவிட்டேன். வந்து சேர்ந்தது என்று ஒரு வரி மெசேஜ், அவ்வளவுதான். போன் செய்தால் எடுப்பதில்லை. உன் ஊரில்தான் இருக்கிறாள், பஸ் ஏறினால் போய்விடலாம். ஊரார் பிள்ளைகளையெல்லாம் நாற்காலி போட்டு உட்கார வைத்து அழ விடுகிறாயே, உன் தங்கை பெண்ணையும் ஒரு எட்டுப் போய்ப் பாரேன்.

கருவாடு அனுப்புகிறேன். சுத்தியலால் நன்றாகத் தட்டிச் சாப்பிடு.

ரன்டி

*

த்ரோன்ஹைம்,
அக்டோபர் 25

ரன்டி,

உன் கடிதமும் கருவாட்டு மூட்டையும் ஒரே நாளில் வந்தன. தபால் கவுன்டரில் இருந்த பெண் மூட்டையைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டு கொடுத்தாள்.

"ம்ம்" பற்றி நீ எழுதியது நியாயம். எனக்கே தெரியாமல் வருகிறது. பேக்கரியில் "ரொட்டியை நறுக்கித் தரட்டுமா?" என்று கேட்டாலும் "ம்ம்" என்று சொல்லிவிட்டு, அவள் மேலே ஏதாவது சொல்வாள் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். அன்றைக்கு உன்னிடம் நான் அழுதிருக்க வேண்டும். எனக்கு அழத் தெரியவில்லை. மற்றவர்கள் அழும்போது சும்மா உட்கார்ந்திருக்கத்தான் தெரிகிறது.

அக்டோபர் எங்களுக்கு நெரிசலான மாதம். ஆகஸ்டில் பாட்டும் கூத்துமாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் அறை எவ்வளவு சின்னது என்று தெரியும். தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். முதல் தடவை தூக்கத்தைப் பற்றியே பேசுவார்கள். இரண்டாவது தடவையும் அதேதான். பிறகுதான் ஒரு நாள், கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது, கதவில் கை வைத்தபடி நிஜமான விஷயத்தைச் சொல்வார்கள். அந்தக் கதவுவரை அவசரப்படாமல் காத்திருப்பதுதான் என் வேலை.

போன சனிக்கிழமை கடையில் ஒருவரைப் பார்த்தேன். தோளில் குழந்தை. மாணவனாக இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க வாராவாரம் என் எதிரில் உட்கார்ந்தவர். அவர் தன் தாயிடம்கூடச் சொல்லாதது எனக்குத் தெரியும். அவர் மீனைப் பார்த்தார், நான் பாலாடைக்கட்டியைப் பார்த்தேன். அது எங்கள் விதி. வெளியில் நாங்கள் முதலில் வணக்கம் சொல்லக்கூடாது. பக்கத்தில் மனைவி இருக்கலாம், "யார் இவங்க?" என்று கேட்கலாம். அவர்களாகச் சொன்னால் நாங்களும் சொல்வோம். பெரும்பாலும் சொல்வதில்லை.

இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் அப்படி ஆகிவிட்டார்கள். மீதிப் பாதியையும் சந்தேகத்தின் பேரில் நான் பார்ப்பதில்லை. சில வாரம் வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால் திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்பதில்லை.

ஹெட்விக்கை ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் முட்டைக்கோசும் சாப்பிட வா என்று கூப்பிட்டேன். "படிப்பு நிறைய இருக்கு பெரியம்மா, இன்னொரு நாள் வரேன்" என்று பதில். ஒரு பானை நிறையச் சமைத்துவிட்டேன். நான்கு நாள் அதையே சாப்பிட்டேன்.

அடுப்பை விற்காதே.

தூருன்

*

அன்டோயா,
நவம்பர் 9

அக்கா,

அடுப்பை விற்காதே என்று ஒரு வரி எழுதிவிட்டாய். எங்கே வைப்பது? உன் மூன்றாம் மாடியிலா?

ஹெட்விக் போன் செய்தாள். "எல்லாம் நல்லா போகுதும்மா, பரீட்சைக்குப் படிக்கிறேன், பசங்களோட வெளிய போறேன்" என்று பாடம் ஒப்பிப்பது மாதிரிச் சொன்னாள். எந்தப் பசங்க, பேர் சொல்லு என்றேன். "உனக்குத் தெரியாதும்மா" என்றாள். ஓட்வார் பக்கத்தில் நின்றுகொண்டு, "விடு, அவளுக்கு இருபத்தொண்ணு ஆச்சு, நீ கேக்கற கேள்விக்கு நானே ஓடிடுவேன்" என்கிறார். அவருக்கு மீனைத் தவிர எதிலும் கவலை கிடையாது.

இன்னும் கொஞ்ச நாளில் இங்கே சூரியன் போய்விடும். ஜனவரிவரை விளக்குதான். அவள் சின்னவளாக இருந்தபோது சூரியன் போகும் நாளில் அழுவாள். இப்போது யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. நீ அவளைப் பார்த்தாயா, சாப்பிடுகிறாளா, இளைத்திருக்கிறாளா? இந்த மூன்றுக்கு மட்டும் பதில் எழுது, போதும். அவள் உன் வீட்டுப் பக்கமே வரவில்லை என்கிறாள். நீயாவது போயேன்.

ரன்டி

*

த்ரோன்ஹைம்,
நவம்பர் 20

ரன்டி,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

அடுப்பைப் பற்றி யோசித்தேன். உன் படகுக் கொட்டகையில் வைக்கலாம். குழாயைத் தனியாகக் கழற்றி, உள்ளே சாம்பல் இல்லாமல் பிரஷ் போட்டுவிட்டால் துருப் பிடிக்காது. கால்களுக்கு அடியில் பலகை போடு. வார்ப்பிரும்பு ஈரத்தரையில் நின்றால் ஒரே குளிர்காலத்தில் போய்விடும். கதவின் பிடி தளர்ந்திருந்தது, அதையும் பார்த்துக்கொள்.

இங்கே பனி விழுந்து, கரைந்து, மறுபடி உறைந்துவிட்டது. ஷூவுக்கு அடியில் முள்பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறேன். அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பக்கத்து அறை உளவியலாளர் ப்யோர்னார் வாஃபிள் சுடுகிறார். காத்திருப்பு அறையில் நாற்காலிகளை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். முன்பு சுவரோரமாக இருந்தன, இப்போது நடைபாதையைப் பார்த்தபடி. எனக்கு அது பிடிக்கவில்லை. கடந்து போகும்போது கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.

ஸ்வெட்டர் அழகாக வந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றி அம்மாவின் பூவேலையை அப்படியே இறக்கிவிட்டாய். இடது தோளில் ஒரு பூ மட்டும் தலைகீழாக நிற்கிறது. அம்மாவும் அந்த இடத்தில்தான் எப்போதும் தப்பு விடுவாள்.

சரியாகத் தூக்கமில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

தூருன்

*

அன்டோயா,
நவம்பர் 30

தூருன்,

நான் கேட்ட மூன்றுக்கும் பதில் இல்லை. அடுப்புக்கு அரைப் பக்கம். நீ ஒரு விஷயத்தைச் சுற்றி நடந்தால் அதற்குள் ஏதோ கிடக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும்.

தலைகீழாக ஒரு பூ இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நான் கவனிக்கவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை. அந்த ஸ்வெட்டர் ஹெட்விக் உடம்பில்தான் இருக்கிறது. அவள் உன் வீட்டுக்கு வரவில்லை, நீ அவள் அறைக்குப் போகவில்லை. அப்படியென்றால் அந்தப் பூவை நீ எங்கே பார்த்தாய்?

நான் முட்டாள் இல்லை. காத்திருப்பு அறை, நாற்காலி, கடிகாரம் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அவளுக்குப் போன் செய்தேன். "பெரியம்மாவப் பாத்தியா?" என்று கேட்டேன். "அவங்களுக்கு என்னத் தெரியாதும்மா" என்றாள். "என்னடி உளர்ற, நீ பொறந்தப்ப உன்ன முதல்ல தூக்கினதே அவதான்" என்றேன். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

என்ன நடந்தது, சொல். அவளுக்கு உடம்பா, மனசா, யாராவது பையனா? என் பெண் உயிரோடு ஒழுங்காக இருப்பாளா? நீ சொல்லித்தான் ஆகவேண்டும். நான் அவளைப் பெற்றவள்.

ரன்டி

*

த்ரோன்ஹைம்,
டிசம்பர் 6

ரன்டி,

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாது.

எங்களுக்கு அம்மாக்கள் போன் செய்வார்கள். சில அப்பாக்கள் ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்பார்கள். "எம் பையன் இங்க வர்றானா, அது மட்டும் சொல்லுங்க" என்பார்கள். வருகிறான் என்றும் சொல்லமாட்டேன், வரவில்லை என்றும் சொல்லமாட்டேன். என்னைத் திட்டுவார்கள், அழுவார்கள். நான் கொடுத்த காபியைத் தொடாமல் போவார்கள். அவர்களுக்குச் சொன்னதையேதான் உனக்கும் சொல்கிறேன். இது உன் மேல் உள்ள கோபம் இல்லை. அந்தப் பூவைப் பற்றி எழுதியதே பெரிய தப்பு. ஆசையில் எழுதிவிட்டேன். அம்மாவின் பூவைப் பார்த்ததும் யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது, எனக்குச் சொல்ல உன்னைத் தவிர ஆள் இல்லை.

பொதுவாக ஒன்று சொல்கிறேன், பொதுவாக மட்டும் எடுத்துக்கொள். அறையில் உட்கார்ந்திருப்பவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தால், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடந்து போவேன். அவர் நன்மைக்காகத்தான். அவருக்குக் கூச்சம் வரக்கூடாது, வேறு அறைக்கு வேறு ஒருவரிடம் நிம்மதியாகப் போகவேண்டும். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படிப் படும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

"அவங்களுக்கு என்னத் தெரியாதும்மா." இந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை.

உயிரோடு இருப்பாளா என்று கேட்டிருக்கிறாய். எந்தப் பிள்ளைக்காவது உயிருக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தெரிந்தால் நாங்கள் வாய் மூடி உட்கார்ந்திருக்கமாட்டோம், சட்டமும் விடாது. அதற்குமேல் எனக்கு வாய் இல்லை.

தூருன்

*

அன்டோயா,
டிசம்பர் 12

ஹெட்விக் கிறிஸ்துமஸுக்கு வரவில்லையாம். கடையில் வேலை கிடைத்திருக்கிறதாம், மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். பொய் என்று எனக்குத் தெரியும். விமானத்துக்கு டிக்கெட் பார்த்தேன். "நீ வந்தா நான் வேற எங்கயாவது போயிடுவேன்" என்று பதில் போட்டாள்.

நீயும் வரவேண்டாம். எழுதவும் வேண்டாம். உனக்கு வாய் இல்லை என்றால் எனக்கும் அக்கா இல்லை.

ரன்டி

*

த்ரோன்ஹைம்,
டிசம்பர் 27

ரன்டி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன், ஏனென்றால் இது அலுவலகத்தில் நடக்கவில்லை. மளிகைக் கடையில் நடந்தது. கடையில் நடந்ததை நான் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம்.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு ஹெட்விக் குடியிருப்புக்கு இரண்டு தடவை போனேன். மணி அடித்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, கதவு திறக்கவில்லை. மறுபடி மறுபடி அடிக்க எனக்கு மனம் வரவில்லை. கதவைத் திறக்காத உரிமை எல்லோருக்கும் உண்டு என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கீழே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவமானமாக இருந்தது.

இருபத்துமூன்றாம் தேதி அந்தக் குடியிருப்புக்குப் பக்கத்துக் கடையில் கிறிஸ்துமஸுக்கு உப்பிட்ட ஆட்டு விலா வாங்கப் போனேன். என் வீட்டுக்குக் கீழேயே கடை இருக்கிறது, ஏன் அங்கே போனேன் என்று நீ கேட்கமாட்டாய். ஒரே கூட்டம். பால் அலமாரி முன்னால் நீல ஸ்வெட்டர். முதுகு தெரிந்தது, தோளில் தலைகீழ்ப் பூ தெரிந்தது. பழக்கம் ரன்டி, என் கண் தானாகவே தயிர் டப்பாக்களுக்குப் போய்விட்டது. தயிரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படியே நின்றால் இவள் போய்விடுவாள் என்று பயம் வந்தது.

"ஹெட்விக்" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

நானும் கூடையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனேன். பனிக்கட்டியில் வழுக்கி, வாசலில் நின்ற கடைத் தள்ளுவண்டிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள்பட்டையை வீட்டில் மறந்துவிட்டிருந்தேன். அவள் நின்றுவிட்டாள். விழுந்துவிடுவேன் என்று பயந்திருக்கவேண்டும்.

"அங்க நான் தெரியாத ஆளு. இங்க மட்டும் தெரிஞ்ச ஆளா?" என்றாள்.

"நான் தூருன். உங்க அம்மாவோட அக்கா. நீ பொறந்த அன்னிக்கு உன்னத் தூக்கினவ. அங்க உன்னப் பாக்காம போனது உனக்காகன்னு நெனச்சேன். தப்பு பண்ணிட்டேன்" என்றேன். அழுதேன். உன்னிடம் போனில் வராதது, தள்ளுவண்டி வரிசையில் வந்தது.

அவள் கிட்டே வந்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "விழுந்துடப் போறீங்க" என்றாள்.

உள்ளே திரும்பிப் போய் இரண்டு கூடைகளையும் எடுத்துக்கொண்டோம். மீன் பகுதியில், அக்டோபரில் உனக்கு எழுதினேனே, அந்தக் குழந்தைக்காரர் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்திருப்பார். "கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்" என்றார், அவராகவே. நானும் சொன்னேன்.

மறுநாள் ஹெட்விக் என் வீட்டுக்கு வந்தாள். விலா எலும்பைப் பூர்ச்ச மரக் குச்சிகள் மேல் அடுக்கி ஆவியில் வேகவைத்தோம். இரண்டு தடவை தட்டை நிரப்பிச் சாப்பிட்டாள். இளைத்திருக்கிறாள். நீ கேட்ட மூன்றுக்கும் இதுதான் பதில். மேசையில் அவள் பேசினது அவளுடையது, அவளிடம் கேள். ஜனவரியில் வீட்டுக்குப் போ என்றேன். போகிறேன் என்று சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் போன பிறகு வீடு முன்னைவிட வெறுமையாக இருக்கிறது.

தூருன்

*

அன்டோயா,
ஜனவரி 17

அக்கா,

சூரியன் வந்துவிட்டது. தெற்கு மலைக்கு மேல் கொஞ்ச நேரம், ஒரு ஆரஞ்சுச் சுளை அளவு. பள்ளிப் பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டார்கள், நாங்களும் வழக்கம்போல் சூரியனுக்கென்று சுட்ட இனிப்பு பன்னோடு வாசலில் நின்றோம். நாங்கள் என்றால் நானும் ஹெட்விக்கும். வந்து எட்டு நாளாகிறது.

வந்த அன்று ஒன்றும் கேட்கவில்லை. நீ எழுதியிருந்தாயே, கதவுவரை காத்திருப்பது என்று. அதைச் செய்தேன். எனக்கு அது சாதாரண வேலை இல்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். நேற்று குப்பையைக் கொட்டப் போகிறேன் என்று வாளியோடு கதவில் நின்றுகொண்டு சொன்னாள்.

போன வசந்தத்திலிருந்து ஒரு பரீட்சையும் எழுதவில்லையாம். தினம் பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போய், சும்மா உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறாள். யாரோடும் பேசாத வாரங்கள் உண்டாம். நவம்பரில் தைரியம் பண்ணி உங்கள் இடத்துக்கு வந்தாளாம். "பெரியம்மா வந்தாங்கம்மா. என்னப் பாத்தாங்க, உடனே கடிகாரத்தப் பாத்தாங்க. நான் அவ்வளவு கேவலமாப் போயிட்டேனான்னு தோணிச்சு. பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி எழுந்து வந்துட்டேன்" என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நீ அந்த நேரத்தில் அவளுக்கு வணக்கம் சொல்லியிருந்தால், "பெரியம்மா அம்மாகிட்ட சொல்லிடுவாங்க" என்று அப்போதும் ஓடியிருப்பாள். உன் நிலைமையில் நான் இருந்தால் ஒரு நாள்கூடத் தாங்கமாட்டேன். எனக்கு அக்கா இல்லை என்று எழுதினேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

திங்கட்கிழமை அவள் அங்கே திரும்புகிறாள். படிப்பை மாற்றப்போகிறாளா, விடப்போகிறாளா, தெரியவில்லை. உங்கள் இடத்துக்கு மறுபடி வருவாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கமாட்டேன். கேட்டாலும் நீ சொல்லமாட்டாய். சொல்லாதே. ஆனால் கிளம்பும்முன் உனக்கு இதை எழுதச் சொன்னாள்: "பெரியம்மா உள்ள என்னப் பாக்க வேணாம். வெளிய பாக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். "ம்ம்" சொல்லிக்கொள், பரவாயில்லை.

ரன்டி

பின்குறிப்பு: அடுப்பு கொட்டகையில் இருக்கிறது. காலுக்கடியில் பலகை போட்டாயிற்று.

*

த்ரோன்ஹைம்,
பிப்ரவரி 2

ரன்டி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ மட்டும்தான் "ம்ம்" என்றாய், கவனித்தாயா? நான் பேசிக்கொண்டே இருந்தேன். வைத்த பிறகு தொண்டை வலித்தது. அது நல்ல வலி.

இதைப் போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எழுதுகிறேன். நேற்று மதியம் காத்திருப்பு அறையைக் கடந்து போனேன். நாற்காலிகள் இன்னும் நடைபாதையைப் பார்த்தபடிதான் கிடக்கின்றன. நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் யார் என்று நான் சொல்லமாட்டேன், பார்க்கவும் இல்லை. எப்போதும்போலக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கடைசி நாற்காலியைத் தாண்டும்போது யாரோ காலை நீட்டி, ஷூ நுனியால் என் ஷூவை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்கள். நான் நிற்கவில்லை, திரும்பவில்லை. என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நடைபாதையில் ப்யோர்னார் ஒரு பெயரைக் கூப்பிடுவது கேட்டது. யாரோ எழுந்து உள்ளே போனார்கள்.

ஸ்வெட்டரைப் பற்றி இந்தத் தடவை நான் எதுவும் எழுதப்போவதில்லை.

உன் அக்கா,
தூருன்